மின்கலத் தொழிலும் அரசின் நிதியுதவியும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் பங்கேற்ற பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்சார ஊர்திகளைப் பற்றி நம் நாட்டில் நிகழும் விவாதங்களில் பெரும்பகுதி ஊர்தியின் விலையைப் பற்றியும், மின்னேற்ற நிலையங்களின் எண்ணிக்கையைப் பற்றியுமே அமைகிறது. ஊர்தியின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும் மின்கலம் எங்கே செய்யப்படுகிறது, அதைச் செய்வதற்கு அரசு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறது, அந்தப் பணம் எந்த வழியாகச் செல்கிறது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இன்று அந்த வினாக்களையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். பொருளியல் பயிலும் மாணவர்களும், நாளை கோப்புகளில் கையெழுத்திடப் போகும் இளம் அலுவலர்களும் ஒரே அவையில் அமர்ந்திருப்பதால், கணக்கையும் நிர்வாகத்தையும் சேர்த்தே பேசலாம் என எண்ணுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் மின்கலம் என்றும் பேட்டரி என்றும் நாம் வேறுபாடின்றி வழங்கி வருகிறோம். அலுவலகக் குறிப்புகளிலும் இக்குழப்பம் புகுந்துவிட்டது. கலம் என்பது மின்னாற்றலை வேதி வடிவில் தேக்கி வைக்கும் தனிப் பாத்திரம். அத்தகைய கலங்கள் பலவற்றை அடுக்கிக் கம்பியால் இணைத்து, வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் மின்னணுப் பலகையைப் பொருத்தி, ஒரு பெட்டியில் அடைத்தால் கிடைப்பது பேட்டரித் தொகுப்பு. நம் நாட்டில் 'பேட்டரித் தொழிற்சாலை' என்ற பெயர்ப் பலகையுடன் இயங்குபவற்றுள் மிகப் பல, வெளிநாட்டுக் கலங்களை வாங்கித் தொகுப்பாக அடுக்கும் கூடங்களே. அவையும் தொழில்தான், அவற்றிலும் பலருக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் மதிப்பின் பெரும்பகுதி கலத்திலேயே அடங்கியிருக்கிறது. உலகில் விற்பனையாகும் மின்கலங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சீனாவில் உற்பத்தியாகின்றன. ஆகவே நாம் பெட்ரோலிய இறக்குமதியைக் குறைப்பதற்காக மின்சார ஊர்திகளை வரவேற்று, அதே செலாவணியைக் கலங்களுக்குச் செலுத்தும் நிலையில் இருக்கிறோம். எண்ணெய்க்குப் பல நாடுகளை நாடலாம். கலத்திற்குப் பெரும்பாலும் ஒரே நாட்டை நாட வேண்டியிருக்கிறது என்பது இதில் உள்ள கூடுதல் இடர்.

திட்டத்தின் அமைப்பு

இந்நிலையை மாற்றும் நோக்கத்துடன் மத்திய அமைச்சரவை 2021ஆம் ஆண்டு மே மாதம் ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மேம்பட்ட வேதிக் கலங்களுக்கான உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம் என்பது அதன் பெயர். பி.எல்.ஐ. என்ற சுருக்கப் பெயரே பலருக்கும் பழக்கம். ஒதுக்கீடு 18,100 கோடி ரூபாய். ஆண்டுக்கு 50 ஜிகாவாட் மணி கொள்ளளவுள்ள கலங்களை உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திறனை நிறுவுவது இலக்கு. கனரகத் தொழில் அமைச்சகம் இதனை நிர்வகிக்கிறது.

ஜிகாவாட் மணி என்னும் அளவு மாணவர்களுக்குப் பாடநூலில் பழக்கமாயிருக்கலாம். மற்றவர்களுக்காக அதைச் சாலைக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன். ஒரு ஜிகாவாட் மணி என்பது பத்து லட்சம் கிலோவாட் மணி. ஒரு மின்சார ஸ்கூட்டருக்கு 3 கிலோவாட் மணி வேண்டும் எனக் கொண்டால், ஒரு ஜிகாவாட் மணிக் கலங்களைக் கொண்டு ஏறத்தாழ 3 லட்சத்து 33 ஆயிரம் ஸ்கூட்டர்களை ஓட்டலாம். 30 கிலோவாட் மணி வேண்டும் கார்கள் என்றால் 33 ஆயிரம். 250 கிலோவாட் மணி தேவைப்படும் பேருந்துகள் என்றால் 4,000 மட்டுமே. நகரப் பேருந்துகளை மின்மயமாக்கும் முயற்சி கலங்களுக்கு எத்தகைய தேவையை உருவாக்குகிறது என்பதை இக்கணக்கிலிருந்தே உணரலாம்.

திட்டத்தின் முக்கிய நிபந்தனைகளைப் பார்ப்போம். ஒவ்வொரு தொழிற்சாலையும் குறைந்தது 5 ஜிகாவாட் மணி கொள்ளளவு உடையதாக இருக்க வேண்டும். ஒரு ஜிகாவாட் மணிக்கு 225 கோடி ரூபாய் என்ற அளவில் முதலீடு செய்யப்பட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் ஆலையை நிறுவி உள்நாட்டு மதிப்புக் கூட்டலை 25 விழுக்காடாகவும், ஐந்து ஆண்டுகளுக்குள் 60 விழுக்காடாகவும் உயர்த்த வேண்டும். ஆலை நிறுவப்பட்ட பின் ஐந்து ஆண்டுகளுக்கு, விற்ற கலங்களின் அளவையும் எட்டிய மதிப்புக் கூட்டலின் விழுக்காட்டையும் பெருக்கி ஊக்கத்தொகை கணக்கிடப்படும். கிலோவாட் மணிக்கு 2,000 ரூபாய் என்பது உச்சவரம்பு. இந்த வேதியியல்தான் வேண்டும், அந்த வேதியியல்தான் வேண்டும் என்று திட்டம் கட்டளையிடவில்லை; ஆற்றல் அடர்த்தியும், எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும் ஆயுளும் உயர உயர ஊக்கமும் உயரும் என்றது. இதை ஒரு நல்ல முடிவு என்றே கருதுகிறேன். வேதியியலின் போக்கைக் கோப்பில் எழுதி நிலைநிறுத்த முயன்ற அரசுகள் பின்னர் வருந்த நேர்ந்திருக்கிறது.

இத்திட்டத்தின் உயிர்நாடி ஒன்றே: அரசு முன்பணம் தராது, விற்றுக் காட்டினால் தரும். பழைய மூலதன மானியங்களால் இயந்திரங்களை வாங்கித் துணி போர்த்தி வைத்திருந்த ஆலைகளை நம் நிர்வாகம் நிரம்பக் கண்டிருக்கிறது. அந்த அனுபவத்தின் எதிர்வினையாகவே உற்பத்தியுடன் இணைந்த ஊக்கம் என்ற கொள்கை பிறந்தது எனலாம். பொதுப் பணத்தைப் பாதுகாக்கும் வகையில் இது குறைகூற முடியாத ஏற்பாடு. ஒரு பொருளை ஏற்கெனவே செய்யத் தெரிந்தவருக்கு இது நன்றாகவே பொருந்தும். கைப்பேசித் தொழிலில் அது பொருந்தியது. செய்யத் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டியவருக்குப் பொருந்துமா என்பதே நம் வினா.

நடந்தது என்ன?

2022 தொடக்கத்தில் பத்து நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளி அளித்தன. அவை கோரிய மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 130 ஜிகாவாட் மணி. ஒதுக்கீட்டைப் போல் இரண்டரை மடங்கு! தெரிந்தெடுக்கப்பட்டவற்றுள் மூன்று நிறுவனங்கள் அவ்வாண்டு ஜூலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன: ஓலா நிறுவனம் 20, ரிலையன்ஸ் 5, ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸ் 5 ஜிகாவாட் மணி. எஞ்சிய 20 ஜிகாவாட் மணியைப் பெற்றிருந்த நான்காவது நிறுவனம் ஒப்பந்தம் செய்யவில்லை. அதில் 10 ஜிகாவாட் மணி 2024இல் மறு ஏலத்தில் ரிலையன்ஸுக்கு 3,620 கோடி ரூபாய் உச்சவரம்புடன் வழங்கப்பட்டது; மற்றொரு 10, மின்கட்டமைப்புச் சேமிப்புக்கென ஒதுக்கி வைக்கப்பட்டது. காரீய அமிலப் பேட்டரித் தொழிலில் பல பத்தாண்டு அனுபவமுள்ள எக்சைடும் அமர ராஜாவும் முதற்சுற்றில் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை இத்திட்டத்தின் ஊக்கத்தொகை இன்றியே முறையே கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் லித்தியம் கல ஆலைகளை எழுப்பத் தொடங்கின.

ஒப்பந்தத்தின்படி 2024 இறுதியில் ஆலைகள் இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை நிறுவப்பட்ட திறன் 50இல் 2 ஜிகாவாட் மணியைக்கூட எட்டவில்லை. அதுவும் பெரும்பாலும் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனம் அமைத்த ஆலையினுடையது. காலக்கெடு தவறியதற்காகப் பயனாளி நிறுவனங்களுக்கு 2025இல் அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. ஊக்கத்தொகையாக அதுவரை ஒரு ரூபாயும் வழங்கப்படவில்லை. இதனைக் கேட்டவுடன் 'நல்ல வேளை, அரசுப் பணம் தப்பியது' என்று மகிழும் தணிக்கை அலுவலரும் இருப்பார்; 'மூன்று ஆண்டுகள் வீணாயின' என்று வருந்தும் தொழில்துறை அலுவலரும் இருப்பார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

காரணங்களை ஆராய்வோம். கல உற்பத்திக்கான இயந்திரங்களில் பெரும்பகுதி சீனத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அவற்றைப் பொருத்திச் சரிசெய்யும் வல்லுநர்களும் அங்கிருந்தே வர வேண்டியிருந்தது. எல்லைப்புற நிகழ்ச்சிகளுக்குப் பின் நுழைவிசைவு வழங்கப்படுவதில் கட்டுப்பாடு நிலவியது. நில எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு 2020 ஏப்ரல் முதலே அரசின் முன் அனுமதி தேவைப்பட்டது. பாதுகாப்பை முன்னிட்டு எடுக்கப்பட்ட இம்முடிவுகளை நான் இங்குக் குறைகூறவில்லை. ஒரு துறை இரண்டாண்டுக் காலக்கெடு விதித்தபோது, மற்றொரு துறையின் அனுமதிக்கு எத்தனை மாதமாகும் என்பது அக்காலக்கெடுவின் கணக்கில் இடம்பெறவில்லை. அதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்றொரு காரணம் விலை வீழ்ச்சி. சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட்டின் விலை 2022 நவம்பரில் டன்னுக்கு ஏறத்தாழ 6 லட்சம் யுவான் அளவில் இருந்தது; 2024 தொடக்கத்தில் அது 1 லட்சம் யுவான் அளவிற்குச் சரிந்தது. பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2023இல் கிலோவாட் மணிக்கு 139 டாலர் எனவும், 2024இல் 115 டாலர் எனவும் ஆண்டுதோறும் நிகழும் கணக்கெடுப்பொன்று கூறுகிறது. வாங்குவோருக்கு இது நற்செய்தி. புதிதாக ஆலை கட்டத் தொடங்கியவருக்கோ, கடைக்கால் தோண்டும்போது இருந்த விலை கூரை போடும்போது இல்லாமற்போன நிலை.

இனிக் கணக்கிற்கு வருவோம். 18,100 கோடியை 50 ஜிகாவாட் மணியால் வகுத்தால் ஒரு கிலோவாட் மணித் திறனுக்கு 3,620 ரூபாய். அத்திறன் ஐந்து ஆண்டுகளும் முழுமையாக இயங்கி, உற்பத்தி முழுவதும் விற்றுவிட்டால், விற்ற ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் சராசரி ஊக்கம் 724 ரூபாய். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலம் செய்வது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேத்தோடுத் தூளைக் குழம்பாக்கி அலுமினியத் தாளிலும், கிராஃபைட்டைக் குழம்பாக்கிச் செப்புத் தாளிலும் பூச வேண்டும். பூச்சின் தடிமன் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குகள் அளவே. அது தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மாறாதிருக்க வேண்டும். பின்னர் உருளைகளால் அழுத்தி, வெட்டி, இடையே பிரிப்புச் சவ்வை வைத்துச் சுருட்டியோ அடுக்கியோ, மின்பகுளியை ஊற்றி மூட வேண்டும். மின்பகுளி ஈரத்தைக் கண்டால் கெடும். ஆகவே பாலைவனத்தினும் பன்மடங்கு உலர்ந்த காற்றுள்ள அறைகளில் இவ்வேலை நடைபெறுகிறது. நம் கடற்கரை மாவட்டங்களில் அத்தகைய அறையை ஆண்டு முழுவதும் பேணுவதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று எண்ணிப் பாருங்கள். அதன் பின் முதல் மின்னேற்றம். பிறகு பல நாள்கள் கலங்களை வைத்துப் பார்த்துத் தேறியவற்றைப் பிரித்தெடுத்தல். இவற்றுள் எந்தப் படியிலும் சிறு தவறு நேர்ந்தாலும் கலம் கழிவாகும். பெரும்பாலான தவறுகள் கடைசிப் படியிலேயே வெளிப்படுகின்றன. அதாவது முழுச் செலவும் செய்த பிறகு.

புதிய ஆலையொன்றில் தொடக்கத்தில் நூற்றுக்கு 30 கலங்கள் தேறாமற்போவது வியப்பன்று. கணக்கின் எளிமைக்காகக் கிலோவாட் மணிக்கு மூலப்பொருள் செலவு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 70 மட்டும் தேறினால், விற்கப்படும் ஒவ்வொரு கிலோவாட் மணியும் வீணான மூலப்பொருளுக்காகச் சுமக்கும் செலவு ஏறத்தாழ 1,714 ரூபாய். 90 தேறினால் அது 444 ரூபாய். நான் முன்னர்ச் சொன்ன 724 ரூபாயை இவற்றின் அருகில் வைத்துப் பாருங்கள். கற்றுக்கொண்டவருக்கு ஊக்கத்தொகை இலாபமாகிறது. கற்றுக்கொண்டிருப்பவருக்கு அது இழப்பின் பாதியைக்கூட ஈடுசெய்வதில்லை. கற்கும் காலத்தில் விற்பனையும் குறைவாகவே இருக்குமாதலால், உதவி மிகத் தேவைப்படும் ஆண்டுகளில் உதவி மிகக் குறைவாக வரும். இத்திட்டத்தில் உள்ள அடிப்படைக் குறை இதுவே என்பது என் கருத்து.

பிற நாடுகளின் அனுபவம்

அப்படியானால் முன்பணமாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அமெரிக்கா அதையும் செய்து பார்த்தது. 2009ஆம் ஆண்டின் பொருளாதார மீட்புச் சட்டத்தின் கீழ் மின்சார ஊர்தித் துறைக்கு 240 கோடி டாலர் மானியம் அறிவிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 150 கோடி டாலர் மின்கலங்களையும் அவற்றின் பகுதிப் பொருள்களையும் உற்பத்தி செய்வோருக்கு. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கருக்கொண்ட ஏ123 சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்துக்கு 24.9 கோடி டாலர் வழங்க முடிவாயிற்று. 2012இல் குறையுள்ள கலங்களைத் திரும்பப் பெற வேண்டிய நிலை அதற்கு நேர்ந்தது, வாங்குவோரும் போதவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் நிறுவனம் திவாலாயிற்று. சீன நிறுவனம் ஒன்று அதை வாங்கிக்கொண்டது. அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்த நுட்பம் சீனம் சென்றது குறித்து அங்கு எழுந்த கூச்சல் உங்களுக்கு ஆண்டுகள் கழித்தும் கேட்கும்.

அதே திட்டத்தில் மிச்சிகன் மாநிலத்தின் ஹாலந்து நகரில் எல்.ஜி. கெம் நிறுவனம் 15 கோடி டாலருக்குச் சற்று மேற்பட்ட மானியத்துடன் ஓர் ஆலை கட்டியது. அது எந்தக் காரை நம்பிக் கட்டப்பட்டதோ அந்தக் கார் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதற்கான கலங்களும் கொரியாவிலிருந்தே வந்துகொண்டிருந்தன. வேலையற்ற தொழிலாளர்கள் திரைப்படம் பார்த்தும் பலகை விளையாட்டு ஆடியும் பொழுது போக்கினர் என்று எரிசக்தித் துறையின் தலைமை ஆய்வாளர் 2013 பிப்ரவரியில் அறிக்கை அளித்தார். செய்தித்தாள்களுக்கு அது பெருவிருந்தாயிற்று. பலரும் கதையை அத்துடன் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆலை அவ்வாண்டே உற்பத்தியைத் தொடங்கியது, பின்னர் விரிவாயிற்று, 2025இல் மின்கட்டமைப்புச் சேமிப்புக்கான லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்களைப் பேரளவில் செய்யும் இடமாகவும் ஆயிற்று. நகைப்புக்கு உள்ளான ஆலையின் பயனை அளக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஐந்தாண்டு முடிவில் ஆய்வறிக்கை எழுதும் அலுவலர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுவீடனின் நார்த்வோல்ட் அனுபவம் வேறு வகை. அதற்குப் பணமும் குறைவில்லை; கார் உற்பத்தியாளர்களின் கொள்முதல் உறுதியும் குறைவில்லை. குறித்த தரத்தில் குறித்த நாளில் கலங்களைச் செய்து தர இயலவில்லை. 2024இல் ஜெர்மானியக் கார் நிறுவனம் ஒன்று 200 கோடி யூரோ மதிப்புள்ள ஆணையை விலக்கிக்கொண்டது. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் திவாலாயிற்று. சீன இயந்திரங்களை வாங்கி வைப்பது எளிது, அவற்றை ஓட்டும் கைப்பழக்கத்தை வாங்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சீனம் செய்தது என்ன? அது கலம் செய்வோருக்கு மட்டும் பணம் தரவில்லை. ஊர்தி வாங்குவோருக்கும் பேருந்துக் கழகங்களுக்கும் பல்லாண்டுகள் மானியம் தந்தது. 2015இல் ஏற்பளிக்கப்பட்ட கல உற்பத்தியாளர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, அப்பட்டியலில் இல்லாத கலங்களைப் பயன்படுத்தும் ஊர்திகளுக்கு மானியம் கிடைப்பதைத் தடுத்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் அவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டன. தரத்தின் அளவுகோலை ஆண்டுக்காண்டு உயர்த்தியது. உள்நாட்டு நிறுவனங்கள் வலுப்பெற்ற பின் 2019இல் பட்டியலை நீக்கியது. 2022 இறுதியில் வாங்குவோர் மானியத்தையும் நிறுத்தியது. உலக வாணிக விதிகளின் நோக்கில் இதில் ஏற்க இயலாதவை பல. ஒரு கட்சி ஆட்சியின் வழிமுறைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. இருப்பினும், உள்நாட்டுக் கலத்திற்கு உள்நாட்டிலேயே உறுதியான வாங்குவோரை அமைத்துத் தந்தது என்னும் கூறு நம் கவனத்திற்குரியது.

நம்மிடம் உள்ளவை

நம்மிடம் அறிவியல் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிறது. லித்தியம் அயனிக் கலங்களைச் சிறு அளவில் செய்து காட்டும் கூடம் ஒன்றையும் அது சென்னை தரமணியில் அமைத்தது. விண்வெளித் துறை தன் ஏவூர்திகளுக்காக உருவாக்கிய லித்தியம் அயனிக் கல நுட்பத்தை 2018இல் தொழில் நிறுவனங்களுக்கு வழங்க முன்வந்தது. இன்று உலகச் சந்தையில் பெரும்பங்கு பெற்றுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் வேதியியல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப் அவர்களின் குழுவில் பிறந்தது. அதற்கு வழிகோலிய முந்தைய ஆய்வுகளில் அவருடன் பணியாற்றியவர், மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற அறுமுகம் மந்திரம். 2019இல் குட்இனஃப் நோபெல் பரிசு பெற்றபோது அவர் சார்பில் நோபெல் உரையை வாசித்தவரும் மந்திரமே. ஆய்வுக்கூடத்தில் ஒரு கலம் செய்வதற்கும், ஆலையில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் கலங்களை ஒன்றுபோல் செய்வதற்கும் இடையே உள்ள தொலைவே நம் குறைபாடு.

அத்தொலைவைக் கடக்க, ஆண்டுக்கு நூறு அல்லது இருநூறு மெகாவாட் மணி அளவுள்ள முன்னோடி உற்பத்தித் தொடர்களைப் பொதுச் செலவில் அமைப்பதே சிறந்த வழி என்று கருதுகிறேன். பல நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி அவற்றைப் பயன்படுத்தலாம். பொறியியல் மாணவர்கள் அங்கே பூச்சையும் முதல் மின்னேற்றத்தையும் கையால் பழகலாம். உள்நாட்டுத் தூளும் தாளும் சவ்வும் அங்கே சோதனைக்கு உட்படலாம். 18,100 கோடியில் சிறு பகுதி இதற்குப் போதும். விற்பனைக்குப் பின்னரே பணம் என்னும் கொள்கையை நான் கைவிடச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு படி வைக்க வேண்டும் என்கிறேன்.

பகுதிப் பொருள் செய்வோரைப் பற்றியும் ஒரு சொல். 60 விழுக்காடு உள்நாட்டு மதிப்புக் கூட்டல் என்று விதித்திருக்கிறோம். கலத்தின் செலவில் பெரும்பகுதி மூலப்பொருள். அதில் கேத்தோடுக்கே தலையாய பங்கு. கேத்தோடும் ஆனோடும் தாள்களும் இறக்குமதியாகும் வரை 60 விழுக்காடு எட்டாக்கனியே. ஆனால் திட்டத்தின் பணம் கலம் விற்பவருக்கே செல்கிறது. தூள் செய்பவருக்கு நேரடியாக ஒன்றுமில்லை. நெசவாலைக்கு ஊக்கத்தொகை தந்துவிட்டு, நூற்பாலை தானே முளைக்கும் என்று காத்திருப்பது போன்றது இது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் மின்சார ஊர்தி மின்கல உற்பத்திக்கான 35 வகை மூலதனப் பொருள்களுக்குச் சுங்கவரி விலக்கு விரிவாக்கப்பட்டது. 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இவை உதவும். எனினும் கனிமத்துக்கும் கலத்துக்கும் நடுவே நிற்கும் வேதிப்பொருள் தொழில் இரு திட்டங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் விழுந்துவிடக் கூடாது.

காலக்கெடு தவறிய நிறுவனங்களை என்ன செய்வது என்று அலுவலர்கள் கேட்பீர்கள். தண்டத்தொகையைக் கறாராக வசூலித்தால் ஒப்பந்தம் நிறைவேறியதாகும், ஆலை எழும்பாது. கேட்டவுடன் காலத்தை நீட்டித்தால், ஒதுக்கீட்டைப் பெற்று வைத்துக்கொண்டு காத்திருப்பதே இலாபமான தொழிலாகிவிடும். வெளியே தம் சொந்தப் பணத்தில் ஆலை கட்டுவோருக்கு அது அநீதியும் ஆகும். அனுமதிகள் தாமதமான நாள்களை மட்டும் கணக்கிட்டு நீட்டிப்பு வழங்கலாம். அதன் பின்னும் நிறுவப்படாத கொள்ளளவை மீட்டு, இயங்கிக்கொண்டிருக்கும் ஆலைகளுக்கு, அவை முதற்சுற்றில் வென்றவையா இல்லையா என்று பாராமல், பகிர்ந்தளிக்கலாம். குறைந்தது 5 ஜிகாவாட் மணி என்ற விதியையும் அப்போது தளர்த்த வேண்டியிருக்கும். இதற்கு அமைச்சரவையின் ஒப்புதல் தேவைப்படும் என்பதை அறிவேன். கோப்பு தொடங்க வேண்டிய இடம் உங்கள் மேசை.

கடைசியாக மறுசுழற்சி. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தின. 2025 செப்டம்பரில் முக்கியக் கனிமங்களின் மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் ஒப்புதல் பெற்றது. தேய்ந்த கலங்களை அரைத்தால் கிடைக்கும் கருந்தூளில் லித்தியமும் நிக்கலும் கோபால்ட்டும் உள்ளன. அத்தூளை இங்கே அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி, உலோகங்களை அங்கே பிரித்தெடுத்தபின் நாமே விலைக்கு வாங்குவது பொருந்தாது. புதிய கல ஆலைகளில் தேறாமற்போகும் நூற்றுக்கு 30 கலங்களும் இத்தொழிலுக்கு மூலப்பொருளே. ஆகவே கல ஆலைக்கு நிலம் ஒதுக்கும் மாவட்ட நிர்வாகம், அதே தொழிற்பேட்டையில் மறுசுழற்சி ஆலைக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறதா என்று முதல் நாளிலேயே பார்க்க வேண்டும். பின்னர் இடம் தேடினால், அதற்குள் அக்கம்பக்கத்து மனைகள் வீடுகளாகிவிடும். எந்த ஊராரும் அத்தகைய ஆலையை அதன் பிறகு ஏற்கமாட்டார்கள்.